மாற்றாத ஊசி

அறுபதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில், ஜாலான் புசாரை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த கார்ப் பட்டறையில் எனக்கு இரண்டு வேலைகள். சம்பளத்துக்குக் கார்புரேட்டர் சரிசெய்வது. சம்பளமில்லாமல் எல்லாரையும் சிரிக்க வைப்பது. இரண்டாவதில்தான் எனக்குப் பெயர் அதிகம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் மறுமுனையை என் காதிலும் வைத்துக்கொண்டு, காற்று இழுபடும் 'உஸ்' சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் உடம்பு எப்படி என்று சொல்வேன். "டாக்டர் வந்திருக்கேன், நாக்கை நீட்டு" என்று வண்டியை அதட்டுவேன். அதற்கும் சிரித்தார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள்.

அப்போது சீனப் பல் வைத்தியர் ஒருவர் தம் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். மேடேறும் கார்ப் பந்தயத்தில் ஓட்ட ஆசை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் ஒன்றைக் கப்பலில் தருவித்திருந்தார். இன்றைக்கு டர்போ, டர்போ என்கிறார்களே, அதற்கு இது சித்தப்பா முறை. சித்தப்பாவோடு ஒரு வார்ப்பு மேனிஃபோல்டும் வந்திருந்தது. காற்றையும் பெட்ரோலையும் நான்கு சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிளைக்குழாய் அது. உள்ளே ஒரே சொரசொரப்பு. மூன்று வாரம் அரமும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து அதை வழவழப்பாக்கினேன். பட்டறைக்கு வந்தவர்கள் கையையெல்லாம் பிடித்து இழுத்து, உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். தபால்காரர்கூடத் தப்பவில்லை.

இரண்டு கடை தள்ளி, சன்னல் கம்பியும் வாசல் கேட்டும் பற்றவைத்துக்கொண்டிருந்தார் என் சிநேகிதர். நாகூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஊருக்கெல்லாம் 'பாய்'; எனக்குச் சாயங்காலத் தேநீர்க் கூட்டாளி. கேட் செய்து செய்து அலுத்துப்போய், எப்படியாவது கார்ப் பட்டறைக்குள் வந்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். பல் வைத்தியரின் காரை ஒரு நாள் குனிந்து பார்த்தவர், எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துத் தாமே ஒரு மேனிஃபோல்ட் செய்து கொண்டுவந்துவிட்டார். நான்கு கிளையும் அச்சாக ஒரே நீளம்.

"என்ன பாய், கார் எஞ்சினுக்கும் கேட் போட்டாச்சா?" என்றேன்.

"ஆமாலா. உன்னை மாதிரி ஆளுங்க உள்ளே போயிடக் கூடாதுன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். என் பங்குச் சிரிப்பை அவர் வாங்கிக்கொண்டது அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

முதலாளி தவுக்கே இரண்டு குழாய்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டையும் ஓட்டிப் பாரு. பாயோடது வேகமா போனா, அடுத்த மாசம் பாய் இங்க வேலைக்கு வரட்டும்" என்று மலாய் மொழியில் சொன்னார். பாய் மறுநாளே புதுக் காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

முதல் ஞாயிறு காலை என் குழாய். புக்கிட் திமா சாலையில் இரண்டு மைல்கற்களுக்கு நடுவே பல் வைத்தியர் ஓட்ட, நான் பக்கத்தில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். நன்றாகவே போயிற்று. நான் முடிசூட்டிக்கொள்ளத் தலை சீவிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பாயுடையது. அதைப் பூட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதில் காற்று தாராளமாகப் பாயும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிப்பது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஒரு பித்தளை ஊசி. தடித்த ஊசியை எடுத்துவிட்டு, பெட்ரோலுக்குக் கூடுதல் வழிவிடும் மெல்லியதைப் போட வேண்டும். அந்த மெல்லிய ஊசி, சிகரெட் பெட்டி ஈயத்தாளில் சுற்றி, என் சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஊசிய மாத்திட்டியா?" என்று கேட்டார் பாய்.

"மாத்திட்டேன்."

உள்ளுக்குள் ஒரு வக்கீலையும் அமர்த்திக்கொண்டேன். ஒப்பிடுவது குழாயைத்தானே, மற்றதெல்லாம் அப்படியே இருப்பதுதான் நியாயம் என்று அவர் வாதாடினார். நீதிபதியும் நானே என்பதால் வழக்கு சுலபமாக முடிந்தது. சத்தியமாக உடைக்க நினைக்கவில்லை. கொஞ்சம் இருமட்டும், தோற்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

இருமவில்லை. பாதித் தூரத்திலேயே, என் குழாய் அதுவரைக்கும் எடுத்த நேரத்தை முந்திவிட்டது. பட்டினி போட்டும் முந்தியது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது, டின்னுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல. எஞ்சின் கொதிக்கும் சத்தம் அது என்று பல் வைத்தியருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "காலை எடுங்க" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டமார் என்றது. பின்னால் சாலை முழுக்க நீலப் புகை. புறப்பட்ட இடத்தில் நின்றிருந்த பாய் அந்தப் புகைக்குள் எங்களை நோக்கி ஓடிவந்தார், புதுக் காக்கிச் சட்டையில்.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்தோம். ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை. எல்லாருக்கும் முன்னால் பாயே பேசினார்.

"நான் பத்தவச்ச ஒட்டுலேர்ந்து ஒரு பொட்டு இரும்பு பிச்சுக்கிட்டு உள்ள போயிருக்கும். அதான் குத்திருச்சு."

தவுக்கே தலையாட்டினார். "ஹபிஸ்லா" என்றார். முடிந்தது என்று அர்த்தம். ஓட்டையின் விளிம்பு மெழுகுபோல் உருகியிருந்ததை நான் பார்த்தேன். குத்திய ஓட்டை அப்படி உருகாது. கந்தலை எடுத்து அதைத் துடைப்பவன்போல மூடினேன். அன்று ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. சிநேகிதனுக்காக வருந்துகிறேன் என்று எல்லாரும் என்னைத்தான் மெச்சினார்கள்.

பாய் திரும்பவும் கேட் வேலைக்கே போனார். புதுக் காக்கிச் சட்டை அந்த வேலையிலேயே நைந்து கிழிந்தது.

ஒரு வருஷம் கழித்து, சிராங்கூன் சாலைத் தேநீர்க் கடையில் எனக்குத் தாங்கவில்லை.

"பாய், அன்னைக்கு நான் ஊசிய மாத்தலை."

அவர் கிளாஸைப் பிடித்தபடி காத்திருந்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான். உங்க ஒட்டு மேல தப்பே இல்லை."

தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தார். "ஒரு வருஷமாச்சு, இன்னும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருக்கியே! நல்ல மனுசன்டா நீ."

"சத்தியமாத்தான் சொல்றேன். இந்தாங்க, ஊசி" என்று ஈயத்தாளைப் பிரித்துக் காட்டினேன்.

"அடேயப்பா, சாமானெல்லாம் தயார் பண்ணிட்டு வந்து ஜோக் அடிக்கிறியா?" ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பித்தளையா? குடு, பத்தவைக்கிற டார்ச் மூக்குல அடைச்சுக்கும்போது குத்த ஆகும்."

இத்தனை வருஷம் கோமாளி வேஷம் போட்டதற்கு வந்த கூலி அது. இன்னொரு முறை முயன்றிருக்கலாம். மெச்சல் சுகமாக இருந்தது.

பிறகு என் வீட்டுச் சன்னலுக்கும் அவர்தான் கம்பி பற்றவைத்தார். ஒட்டு எதுவென்று விரலுக்குத் தெரியாத வேலை. நடுவில் நிறுத்தி, டார்ச்சின் மூக்கை அந்த ஊசியால் குத்தித் துடைத்துக்கொண்டே, "உன் ஊசி ரொம்ப ஒத்தாசைலா" என்றார்.

டார்ச் வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டார்ச் அப்போது அணைந்திருந்தது.