கதைக்கு ஒரு வரிசை எழுத்து

முதல் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. தச்சநல்லூரில் ஒரு பெரிய சைவக் குடும்பத்து வீட்டின் பின்கட்டில் என் அம்மா நெல் குத்திக்கொண்டிருந்தாள். குத்துகிற நாளில் கிடைக்கிற அரிசிதான் எங்கள் உலையில் விழும். அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

எனக்குப் படிக்க ஆசை வந்ததே அப்பாவின் கடிதத்தால்தான். அவருக்கும் எழுதத் தெரியாது. அங்கே யாரிடமோ சொல்லி எழுதி அனுப்பியிருந்தார். அம்மா அதைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கொண்டுபோய், "அண்ணாச்சி, கொஞ்சம் பைய வாசிங்க" என்று கேட்டுக்கொண்டாள். அவர் குரலைத் தாழ்த்தவேயில்லை. தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி தன்னை எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டான் என்று அப்பா எழுதியிருந்தது பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. வாய்க்காலில் துணி துவைக்கப் போன இடத்தில் ஆளாளுக்கு அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அதன் பிறகு அம்மா ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் வாய்க்காலுக்குப் போவாள். எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது என்று தோன்றியது.

பள்ளிக்கூடம் போக வழியில்லை. அம்மா குத்தக் குத்த நான் புடைத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த வீட்டில் பதினைந்து வயதில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரையும் போல நானும் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். நாலாம் வகுப்பு வரை படித்தவள். பதினோரு வயதில் ஏரலில் ஒரு வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெரியவளானதிலிருந்து வாசலுக்கு வரக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் ஏதேதோ காரணம் சொல்லி அழைத்துப்போவதைத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் தை மாதம் என்று நாள் குறித்திருந்தார்கள்.

பொழுது போகாமல் பின்கட்டு நிலைப்படிக்கு உட்புறம் வந்து உட்காருவாள். நான் வெளிப்புறம். வயல் நடவில் பெண்கள் சொல்லக் கேட்ட கதைகளை ஒருநாள் அவளுக்குச் சொன்னேன். மறுநாளும் கேட்டாள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் சொல்கிறேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். முதலில் கதைக்கு இரண்டு எழுத்து. பிறகு உயிர்மெய் வந்ததும் கதைக்கு ஒரு வரிசை. தரையில் தவிட்டைப் பரப்பி விரலால் எழுதிக் காட்டுவாள். நான் அதன்மேல் எழுதுவேன். பிறகு தவிட்டை அள்ளிக் கூடையில் போட்டுவிடுவோம்.

நடவுக் கதைகள் சீக்கிரமே தீர்ந்தன. பூதம், மந்திரவாதி என்று நானாகக் கட்டிச் சொன்னேன். ஒரே பூதம் மூன்று கதையில் வந்துவிட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். மார்கழி பிறந்தபோது றகர, னகர வரிசை இரண்டு மட்டும் பாக்கி. என்னிடம் கதை ஒன்றுகூட இல்லை. தையில் அவள் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவோடு உலக்கை பிடிக்கிற மற்றப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஏரல் மாப்பிள்ளைக்கு வேறொரு வீடு இருக்கிறது, அங்கே இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், இங்கிருந்து போகிற நகைக்காகத்தான் இவளை அழைத்துக்கொள்கிறார்கள் என்று. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நன்றாகவே புரிந்தது.

மறுநாள் அதையே கதையாகச் சொன்னேன். அவனை ராஜகுமாரன் ஆக்கினேன். ஏரலை ஏழு கடலுக்கு அப்பால் தள்ளினேன். அந்தப் பெண்கள் பேச்சுவாக்கில் சொன்ன ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன்: ராஜகுமாரனுக்குப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

கதை முடிந்ததும் சின்னம்மா தரையில் கிடந்த தவிட்டை ஓரமாகத் தள்ளினாள். "தழும்பு எந்தப் பக்கம்ட்டி?" என்று கேட்டாள்.

இடது பக்கம் என்றேன். கல்யாணத்தில் அவனைப் பார்த்த பெண்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் தெரியாதாக்கும்? மத்த எல்லாருக்கும் தெரியுமா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் தவிட்டை இழுத்துப் பரப்பி, றகர வரிசையை எழுதினாள். அதை நான் எழுதி முடித்ததும் னகர வரிசையையும் எழுதினாள். எழுத்துகள் மட்டும் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருந்தன. "எல்லாம் முடிஞ்சுது. இனிமே இங்கன வந்து உக்காராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாளில் வீடு கொந்தளித்தது. ஏரலுக்கு ஆளனுப்பி விசாரிக்காமல் நான் போகமாட்டேன் என்று அவள் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் ஒரு பெண் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. நெல் குத்துகிறவர்களை வரிசையாக நிறுத்தி, யார் சொன்னது என்று அவள் அம்மா கேட்டார். என் அம்மா ஒன்றும் அறியாமல் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் புடைக்கிற சுளகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை வெளியே வந்தால் எங்கள் அடுப்பு அணைந்துவிடும்.

சின்னம்மா நிலைப்படிக்கு வந்தாள். என் பக்கம் பார்க்கவேயில்லை. "எனக்கும் காது இருக்கும்மா. ஊரு பேசுதது கேக்காதா?" என்றாள். அதோடு விசாரணை நின்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "ரெண்டு வரிசை எழுத்துக்காகவாட்டி அதைச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். அடித்திருந்தால் தேவலை.

சின்னம்மாவின் தகப்பனார் ஏரலுக்கே நேரில் போய்வந்தார். உலக்கைப் பெண்கள் பேசியது அத்தனையும் உண்மையாக இருந்தது. அவளை அனுப்பவில்லை. பங்குனியில் அப்பாவிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். ஒரு பக்கம் வாசிக்க வெகுநேரம் ஆயிற்று. இந்த வருஷமும் வரமுடியாது என்று எழுதியிருந்தார். அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அந்தக் கோடையில் சின்னம்மா தன் பழைய பாடப் புத்தகங்களை என் அம்மா கையில் கொடுத்துவிட்டாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி, புடைக்கிற வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளவும் வீட்டில் பேசி ஏற்பாடு செய்திருந்தாள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். படித்து, பயிற்சியும் முடித்து, சேரன்மகாதேவியில் வாத்தியாரம்மாவாக வேலைக்குப் போகும் முன் அவளைப் பார்க்கப் போனேன்.

அவள் இன்னும் அப்பா வீட்டில்தான் இருந்தாள். தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது நிலைப்படிக்கு உள்ளே அவளுக்கு எதிரில் உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். உங்கள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்றேன்.

"எல்லாரும் எனக்கு நல்லது நினைச்சுத்தான் மறைச்சாங்க. நீ உன் காரியத்துக்காகச் சொன்ன. அன்னைக்கே எனக்கு அது தெரியும். ஆனா சொன்னது நீ ஒருத்திதானட்டி" என்றாள்.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று பஸ் இல்லாத அந்தக் காலத்து மாட்டுவண்டியில் சேரன்மகாதேவி போய்ச் சேரும்வரை யோசித்தேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. இன்றைக்கும் ஒருவரிடம் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும்போது, இது அவர்களுக்காகவா எனக்காகவா என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காகத்தான் என்று பதில் வந்தாலும், அவர் ஒருவர் மட்டும் அறியாமல் இருக்கக்கூடாதே என்று சில சமயம் சொல்லிவிடுகிறேன்.