விரல் பதிந்த காளான்

என் அம்மாவோடு பிறந்தவர்களில் கடைசித் தங்கையைக் காளான் சித்தி என்போம். வாக்கப்பட்டது மரவாடியில் ரம்பம் பிடிப்பவருக்கு. சித்தப்பா வாயைத் திறந்து பேசிக் கேட்டவர்கள் குறைவு. மரவாடிக்குப் பின்னால் ஒரு பழைய அடிமரம். மழை நின்றதும் அதில் மரக்காளான் தட்டுத் தட்டாக முளைக்கும். மேலே அரக்குப் பூசினாற்போல் மினுங்கும், அடியில் பால்வெள்ளை.

அந்த வெள்ளையில் சித்தப்பா கட்டைவிரலை அழுத்துவார். உயிருள்ள காளான் என்றால் அந்த இடம் பழுப்பாகி, ரேகை அப்படியே நின்றுவிடும். ஒரு தடம் வைத்தால் அறுக்கலாம். பக்கத்தில் இன்னொன்றும் வைத்துவிட்டால் தொடக்கூடாது. புருஷன் பெண்டாட்டி பேச்சே அவ்வளவுதான். சித்தி அதை ஈரத்துணியால் துடைத்து, பச்சையிலேயே சீவுவாள். காய்ந்துவிட்டால் விறகு, கத்தி இறங்காது. நிழலில் உலர்த்தி, சிறு தீயில் தண்ணீர் பாதியாகும்வரை கொதிக்கவிட்டு வடிப்பாள். ஒரே கசப்பு. இழுப்புக்காரர்கள் தேன் விட்டுக் குடித்து, நெஞ்சு லேசானது என்பார்கள்.

சித்தப்பா போய்ச் சேர்ந்த மறுவருஷ மழையில் அவர் தங்கைக்கு இழுப்பு முற்றியது. படுக்கவும் முடியவில்லை. டாக்டர் மருந்து ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணி, கஷாயம் வெச்சுக் குடு. அண்ணன் இருந்தா உங்கிட்டக் கெஞ்சிக்கிட்டு இருப்பேனா?”

“இருந்தப்ப மட்டும் அந்த மனுஷன் உனக்குப் பதில் சொல்லிக் கிழிச்சாரா? இருடி, போய்ப் பாக்குறேன்.”

அடிமரத்தில் அந்த வருஷம் ஒன்றே ஒன்றுதான். சித்தி குனிந்து அடியைப் பார்த்தாள். பக்கம் பக்கமாக இரண்டு தடம். ரம்பம் குறுக்கே கிழித்த தழும்போடு, சித்தப்பாவின் விரல். அவள் பார்க்கப் பார்க்கவே இரண்டும் பழுப்பேறிக்கொண்டிருந்தன.

தன் விரலை அருகில் வைத்து, நகம் வெளுக்க அழுத்தினாள். காத்திருந்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. செத்த காளான். செத்ததில் தடம் ஏறாது.

வெறுங்கையோடு வந்தவளை நாத்தனார் விடுவாளா?

“நான் செத்தா என் தோட்டை எடுத்துக்கலாம்னு பாக்குறியா?”

“அந்தக் கவரிங் தோட்டையா?”

தடம் பார்த்ததைச் சித்தி சொல்லவில்லை. நாத்தனார் சுவரைப் பிடித்துப் பிடித்து, கத்தியோடு தானே போனாள். காளானில் கத்தியை வைத்ததும் மரவாடிக் காவல்காரர் ஓடி வந்தார்.

“அக்கா, தொடாதீங்க! கரையான் ஏறுதுன்னு முந்தாநாள்தான் அந்தக் கட்டை பூரா விஷம் ஊத்தியிருக்கோம்!”

அவள் டாக்டர் மருந்திலேயே தேறி, என் மூத்தவள் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கும்வரை இருந்தாள். ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

“அண்ணி, அடியில எத்தனை தடம் பாத்த?”

“ரெண்டு.”

“மூணு இருந்துச்சு. மூணும் அண்ணன் விரல்தான், தழும்போட. மூணாவது நான் கத்தியை வெச்சப்புறம் விழுந்துச்சு.”

சித்தி கஷாயத்துக்கென்று வைத்திருந்த வெறுந்தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

“அந்த மனுஷன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லைடி.”