எல்லைவேலியின் மேற்கம்பி

எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் இடையில் கூப்பிடு தூரத்தை விடக் கொஞ்சம் கூடுதலான தூரம். நாரந்தனையில் எங்கள் கிணற்றடியில் தொடங்கி, பனங்காணிக்குள்ளால் நீண்டு, சுருவில் பக்கத்தில் மாமாவின் கிணற்றடியில் முடிகிற ஒரே காணி அது. அம்மாவின் தகப்பனான பேரனார் அதை நெடுக்காகப் பிரித்து ஒரு பாதியை மகனுக்கும், மறுபாதியை மகளுக்குச் சீதனமாகவும் எழுதியிருந்தார். மகன் என் மாமா, மகள் என் அம்மா. நடுவில் ஒரு பனையோலை வேலி.

மாமா தெற்கே சிங்கள ஊரொன்றில் புடைவைக் கடை வைத்திருந்த காலம் முழுக்க அந்த வேலி எங்கே நிற்கிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் கடையை எரித்தார்கள். மாமா குடும்பத்தோடு உடுத்த உடுப்புடன் ஊருக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நாள் ஒன்றும் பேசாமல் முற்றத்தில் இருந்தார். பிறகு ஒருநாள் எழும்பிப்போய்க் காணியை அளக்கத் தொடங்கினார். ஆயுள் முழுக்கத் துணி அளந்த கை சும்மா இருக்குமா? வேலி தன் பக்கத்துக்குள் மூன்று முழம் தள்ளி நிற்கிறது என்று கண்டுபிடித்தார்.

என் ஐயா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கிளாக்கருக்கு ஒரு வழக்குக் கிடைப்பது பெரும் பாக்கியம். ஊர்காவற்றுறைக் கோட்டில் வழக்குப் பதிவானது. போதாதற்கு ஐயா பட்டணத்தில் முட்கம்பிச் சுருள் வாங்கி, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து, ஓலை வேலிக்கு மேலே மூன்று வரிசை இழுத்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்கும் இல்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவுமில்லை.

இதில் மோசமாக மாட்டிக்கொண்டது நானும் மச்சானும்தான். மச்சான் மாமாவின் மகன், என் வயதுக்காரன். கலவரத்தில் ஓடி வந்தவர்கள் நகையையும் காணி உறுதியையும் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். இவன் ஒரு உரப்பையில் ஈயம் உருக்கி ஒட்டுகிற கோலையும், பாதி கசெற் றெக்கோடரையும், ஆங்கில விஞ்ஞானச் சஞ்சிகைகளையும் கொண்டு வந்தான். எனக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. மிச்ச நேரத்தில் ஊராரின் பழுதான றேடியோக்களை வாங்கி, இன்னும் பழுதாக்கிக் கொடுப்பேன். டிரான்சிஸ்டர் என்றால் என்ன என்று கதைக்க எங்கள் சின்னத் தீவு முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆள் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

ஊர்காவற்றுறை நூல்நிலையத்தில் களவாகச் சந்தித்துக்கொள்வோம். அங்கேயும் யாராவது கண்டு ஐயாவிடம் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் மச்சான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், உன்ரை கொப்பர் வேலியிலை இழுத்திருக்கிறது என்ன?"

"முட்கம்பி."

"கம்பிதானே?"

கம்பி என்றால் அதில் குரலும் ஓடும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று வரிசையில் மேற்கம்பிதான் ஓலையில் படாமல் ஓடியது. அதன் இரண்டு நுனியிலிருந்தும் வீட்டுக்குள் இழுத்த வயரில் ஆளுக்கொரு பெட்டி. உடைந்த றெக்கோடரில் கழற்றிய உறுப்புகள், ஒரு சின்ன ஸ்பீக்கர், ரோர்ச் பற்றறி. இன்னொரு கம்பி தேவையில்லை. கிணற்றடி ஈரத்தில் ஒரு இரும்புக் கம்பியை இறுக்கினால் நிலமே அந்த வேலையைப் பார்க்கும். தொல்லை கொடுத்தது வேலியைத் தாங்குகிற கதியால்கள்தான். எங்கள் வேலிக் கதியால்கள் எல்லாம் உயிருள்ள பூவரசும் கிளுவையும். ஈரமான மரம் மின்சாரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே கம்பி தொடுகிற ஒவ்வொரு கதியாலிலும் சைக்கிள் ரியூப் துண்டு வைத்து ஆணியடிக்க வேண்டியிருந்தது.

நான் சுத்தியலோடு வெயிலில் வேலி நீளத்துக்கும் நடந்ததை ஐயா கண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பற்றி நாலு பேரிடம் நல்ல வார்த்தை சொன்னார். "பெடியனுக்கு இப்பதான் காணி பூமியிலை அக்கறை வந்திருக்கு." அடுத்த முனையிலிருந்து மச்சானும் அதே வேலையைச் செய்துகொண்டு வந்தான். மாமாவும் அதே சொல்லைச் சொன்னாராம். மேற்கம்பி தொய்ந்து தன் பக்கம் சரிகிறது என்று மாமா கோட்டில் முறையிட்டபோது, ஐயா ரோசத்தில் ஆள் பிடித்து அதை இன்னும் விறைப்பாக இழுத்துக் கட்டினார். அன்று மாலை மச்சானின் குரல் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைப்பது போல் கேட்டது. அவர்கள் பகையைப் பலப்படுத்தப் பலப்படுத்த எங்கள் தொடர்பு தெளிவாகிக்கொண்டே போனது.

பெட்டியில் ஒரு சுவிட்ச். அதை அமத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய ஏலாது. அதனால் கதைத்து முடித்தவர் "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அதுவரை மற்றவர் கத்தினாலும் குழறினாலும் இந்தப் பக்கம் கேட்காது. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்த உரையாடல் எங்கள் பரம்பரையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாலைச் செய்தி முடிந்ததும் நான் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கதைத்தோம். வேற்றுக் கிரகத்து ஆட்கள் நாரந்தனையில் இறங்கினால் முதலில் யாரைச் சந்திப்பார்கள்? ஊர் அதிகாரி விதானையாரை என்றேன் நான். அவர் அவர்களிடம் அடையாள அட்டை கேட்பார், அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றான் மச்சான். ஒளியின் வேகத்தில் ஓடுகிற பொருள் ஓடுகிற திசையில் சுருங்கும் என்று சஞ்சிகையில் வாசித்துச் சொன்னான்.

"அப்ப வேலி குறுக்காலை அந்த வேகத்திலை ஓடினா மூண்டு முழமும் சுருங்கி ஒண்டுமில்லாமல் போகும். முடிஞ்சுது."

"கோட்டிலை சொல்லிப் பார். முடிஞ்சுது."

கொம்பியூட்டர் விடயத்தில்தான் சண்டை வந்தது. இருவரும் கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. சஞ்சிகை விளம்பரங்களில் இரண்டு விதம் இருந்தன. எது திறம் என்று கிழமைக்கணக்கில் வாதாடினோம். அவன் என்னுடையதை விளையாட்டுச் சாமான் என்றான். நான் அவனுடையதைத் தகரப் பெட்டி என்றேன். கோபத்தில் பற்றறியைக் கழற்றிவிட்டுச் சில நாள் கதைக்காமல் இருந்தோம். எங்கள் தகப்பன்மாராவது கண்ணுக்குத் தெரிகிற நிலத்துக்காகச் சண்டை பிடித்தார்கள்.

பிறகு ஒரு மாலை நான் பற்றறியைத் திரும்பப் போட்டபோது அவனே கூப்பிட்டான். ஒரு ஆங்கில விஞ்ஞான நாவல் அகப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒரு அத்தியாயம் தமிழில் சொல்கிறேன் என்றான். சொன்னான். கதாநாயகன் செவ்வாய்க் கிரகத்தில் எங்கள் ஊர் ஒடியற் கூழ் குடித்தபோதுதான், இதில் பாதி இவனுடைய கைச்சரக்கு என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் அடுத்த மாலைக்காக நாள் முழுக்கக் காத்திருந்தேன். சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போதும் செவ்வாயில்தான் இருந்தேன். சொன்னால் வெட்கமில்லை, அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன்.

மழைக்காலம் வந்தால் கம்பி நனைந்து குரல் மங்கிவிடும். அப்போது நான் மூட்டை அறைக்குள் உரத்துக் கத்த வேண்டியிருக்கும். கதவுக்கு வெளியே நின்று அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மகன் தினமும் இருட்டுப்படுகிற நேரம் தனியாக அறைக்குள் இருந்து, "சூரியன் செத்துப்போகும், பூமியும் செத்துப்போகும், முடிஞ்சுது" என்று குழறினால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டாராம்.

அப்போதுதான் அந்த ஆபத்து வந்தது. இரண்டு பக்கத்துக்கும் உறவான ஒரு பெரியவர் இறுப்பிட்டியில் இருந்தார். அவர் வெள்ளிக்கிழமை வந்து வழக்கைச் சமாதானமாக முடித்துவைக்கப் போவதாகவும், முட்கம்பியைக் கழற்றுவதுதான் முதல் நிபந்தனை என்றும் மாமா வீட்டுக்குச் செய்தி வந்திருந்தது. மச்சான் அதை இழவு சொல்கிற குரலில் சொன்னான்.

"மச்சான், சமாதானம் வரப்போகுது. முடிஞ்சுது."

"கம்பியைக் கழட்டினா என்னெண்டு கதைக்கிறது? முடிஞ்சுது."

"வீட்டை வந்து கதைக்கலாம்தான். ஆனா அப்பா பக்கத்திலை இருப்பார். ஒளியின்ரை வேகத்தைப் பற்றி அவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். நாவலிலை இன்னும் கொஞ்சம் கிடக்கு. சமாதானத்தை ஒரு மாசம் பின்போட ஏலாதோ? முடிஞ்சுது."

நான் மறுமொழி சொல்லத் திரும்பியபோது அம்மா தேத்தண்ணீரோடு எனக்குப் பின்னால் நின்றார். முதலில் மகனுக்குப் பைத்தியமில்லை என்று முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு தான் கேட்டது என்ன என்று விளங்கியதும் அந்த நிம்மதி போய்விட்டது.

"பெட்டிக்குள்ளை கதைச்சது அண்ணையின்ரை பெடியன்தானே?"

"ஓம் அம்மா."

"நீங்கள் ரெண்டு பேரும் சமாதானம் வேண்டாம் எண்டோ இருக்கிறியள்?"

நான் தலை குனிந்தேன். அம்மா ஏசவில்லை. தேத்தண்ணீரை வைத்துவிட்டு ஒரு நெல் மூட்டையில் இருந்தார். ஐயா வழக்குப் பேசுகிற அப்புக்காத்தைப் பார்க்க ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார்.

"தம்பி, மாமா வீட்டிலை நிக்கிறாரோ எண்டு கேள்."

நின்றார். மச்சான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் இருத்தினான். நான் அம்மாவுக்குச் சுவிட்சைக் காட்டிக் கொடுத்தேன். அம்மா தயங்கித் தயங்கி அமத்தினார்.

"அண்ணை, சாப்பிட்டியளோ?"

கையை எடுத்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் மாமாவின் குரல் வந்தது.

"ஓம் பிள்ளை."

"என்ன கறி?"

"திரளி மீன்."

அம்மா கண்ணைத் துடைத்தார். மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் சுவிட்சை அமத்திப் பிடித்துக்கொண்டு, என் ஐயாவின் குணம், கச்சேரிப் புத்தி, களவெடுத்த மூன்று முழம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். அம்மா குறுக்கிடவில்லை, குறுக்கிடவும் ஏலாது. அவர் களைத்துப்போய்க் கையை எடுத்ததும் அம்மா அமத்தினார். இந்தத் தடவை தயக்கம் இல்லை.

"அண்ணை, நீங்கள் சொன்னதை எல்லாம் கேட்டனான். இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. காணி என்ரை. எனக்குத் தந்த சீதனம். வேலி அவரின்ரை, வழக்கு உங்கடை. என்னட்டை ஒரு வார்த்தை ஆரும் கேட்டியளோ? கடை எரிஞ்சு வந்த அண்ணைக்கு ஒருநாள் சோறு போட எனக்கு வழியில்லாமல் ரெண்டு பேருமாச் சேந்து அடைச்சுப்போட்டியள். மூண்டு முழத்திலையும் நிக்கிறது நாலு பனை வடலி. அதை நான் தாறன். உறுதி என்ரை பேரிலை, கையெழுத்தும் நான்தான் வைக்கவேணும், வைக்கிறன். வெள்ளிக்கிழமை இஞ்சை சாப்பிட வாங்கோ."

அங்கே நடந்ததை மச்சான் பிறகு சொன்னான். மாமா பாதியிலேயே எழும்பி, "பொறு பிள்ளை, பொறு" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

"இப்ப கதைச்சா அங்கை கேக்காது அப்பா."

"அப்ப என்னெண்டு மறுமொழி சொல்லுறது?"

"மாமி கையை எடுக்குமட்டும் கேக்கவேணும்."

மாமா திரும்பக் குந்தியிருந்து கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை இறுப்பிட்டிப் பெரியவர் வந்தார். மாமாவும் வந்து, ஐயாவுக்கு எதிர்க் கதிரையில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா கம்பி வழியாகப் பேசி விட்டுக்கொடுத்த கதை அதற்குள் ஐயாவின் காதுக்கும் பெரியவரின் காதுக்கும் வந்திருந்தது. "அப்ப இவ்வளவு நாளும் கோட்டுக்கு அலைஞ்ச நான் ஆர்?" என்று ஆரம்பித்தார். மாமா தனக்கு மூன்று முழம் சும்மா தேவையில்லை, நியாயம்தான் தேவை என்றார். பெரியவர் இருவருக்கும் நடுவில் பேசினார். மூவரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அம்மா அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று இரண்டு தடவை வாயெடுத்தார்.

"நீர் கொஞ்சம் இரும்" என்றார் ஐயா.

கடைசியில் சரிவந்தது. வேலி மூன்று முழம் இந்தப் பக்கம் வரும். முட்கம்பி முழுவதும் கழற்றப்படும். பெரியவர் திருப்தியாகத் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார். நான் மேற்கம்பியை நினைத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேற்கம்பியைக் கழட்டக் கூடாது" என்றார் அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் பிள்ளை?" என்றார் பெரியவர். "சமாதானமாப் போச்சு. இனி அண்ணையோடை நேரை இருந்து கதைக்கலாமே. பிறகேன் கம்பி?"

"நேரிலை என்னை ஆர் கதைக்க விட்டது?" என்றார் அம்மா. "இப்பவும் பாருங்கோ. நீங்கள் மூண்டு பேரும் இருந்து கதைக்கிறியள். காணிக்காரி நான் வாசல்லை நிக்கிறன்."

ஐயா தான் இருந்த கதிரையை விட்டு எழும்பினார். அம்மா அதில் இருக்கவில்லை; வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வேலியைத் தள்ளிப் போட்டபோது கீழே இருந்த இரண்டு கம்பிகளையும் கழற்றினோம். மேற்கம்பியைப் புதுக் கதியால்களில் திரும்பவும் இழுத்துக் கட்டினோம். மச்சானும் நானும் இப்போது வரிசையில் இரண்டாவது. செவ்வாய்க் கிரகம் அம்மாவின் கத்தரிக்காய் விபரம் முடியும்வரை காத்திருந்தது. மாமா கிழமையில் பல நாள் எங்கள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிட்டார். சாப்பிட்டு, ஐயாவோடு உரத்துக் கதைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். மாலையில் அங்கிருந்து கம்பியில் அம்மாவைக் கூப்பிட்டு, அம்மா சொல்வதைக் கேட்பார்.