பதினாறாவது மாடியைத் தேர்ந்தெடுத்தோம்

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தது தரைத்தள வீடு. மழை நாலு நாள் விடாமல் பிடித்தால் தெருச் சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து வாசற்படி ஏறி வரும். ஒரு கார்த்திகை மாதம் கட்டில் கால் முழுகுமளவுக்கு வந்துவிட்டது. கட்டிலின் மேல் நாலு வயது மகளும், அவளை ஒட்டி எங்கள் நாயும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் கணவரும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அரிசி டின்னையும் கேஸ் அடுப்பையும் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"இனிமே தரையே வேண்டாம். எவ்வளவு உயரத்துல கிடைக்குதோ, அங்க போயிடுவோம்" என்றார் அவர்.

நானும் சரி என்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் யார் காரணம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் சொன்னார், நான் சரி என்றேன். அவ்வளவுதான்.

நாய் நாட்டு நாய். வெளிர் பழுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது எங்கள் ஸ்கூட்டருக்கு அடியில் வந்து ஒண்டிய குட்டி. அவளுக்குச் சோறு ஊட்டினால் பாதி அவள் வாய்க்குள் போகும், மீதி அதற்குப் போகும். அதற்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை, நானும் இங்கே எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போனோம். ஆவடிப் பக்கம் மூன்று, அம்பத்தூரில் என் அலுவலகத்துக்கு அருகில் இரண்டு, பூந்தமல்லி சாலையில் நாலைந்து. எல்லா இடத்திலும் வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வீடு வைத்திருந்தார்கள். குழந்தை அறையின் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தது. கடைசியாகப் பார்த்த இடத்தில் எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டிய பெண் நல்ல மாதிரி. மகளுக்கு ஒரு பலூன் கொடுத்தாள்.

"நாய் வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா, மேடம். எங்க பில்டர் ஸாரே ரெண்டு நாய் வச்சிருக்காரு."

விளையாட்டுத் திடல் எங்கே, பள்ளி வேன் உள்ளே வருமா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டோம். கணவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். நாய் எந்த லிஃப்ட்டில் இறங்கும், வளாகத்துக்குள் எந்த இடத்தில் காலைத் தூக்கலாம், பால்கனிக் கம்பி எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்கவில்லை. மாதிரி வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. அதன் பால்கனியில் நின்றால் கீழே செம்பருத்திச் செடி தெரிந்தது. எங்களுடையது பதினாறாவது மாடி. நாங்கள் கையெழுத்துப் போட்ட அன்று கட்டடம் ஒன்பது மாடிதான் எழும்பியிருந்தது. எங்கள் வீடு எங்கே என்று மகள் கேட்டாள். அந்தப் பெண் மேலே கையைக் காட்டினாள். அங்கே வானம்தான் இருந்தது.

குடிபோனபோது மகளுக்கு ஆறு வயது. முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தோம், பொய் சொல்லக் கூடாது. கொசு இல்லை. நல்ல காற்று. மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி வெள்ளித் தகடு மாதிரி தெரிந்தது. மழை பெய்தால் நிம்மதியாகத் தூங்கினோம்.

நாய்க்கு லிஃப்ட் பிடிக்கவில்லை. கதவு மூடியதும் நாலு காலையும் அகட்டி வைத்துக்கொள்ளும். லிஃப்ட் கிளம்பியதும் நகங்களால் தரையைப் பிறாண்டும். இரண்டாவது வாரம் ஒருநாள் காலையில், பள்ளிக்குக் கிளம்பிய இரண்டு குழந்தைகளும் அவர்களுடைய அம்மாவும் பதினோராவது மாடியில் ஏறினார்கள். அந்தம்மா நாயைப் பார்த்து அலறினார். அந்த அலறலில் நாய் அங்கேயே மூத்திரம் போய்விட்டது. ஒரு பிள்ளையின் ஷூ நனைந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், என் துப்பட்டாவாலேயே துடைத்தேன். தரைத்தளம் வருவதற்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது.

மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் காகிதம் ஒட்டினார்கள். நாய்கள் சாமான் லிஃப்ட்டில் மட்டும்தான் போக வேண்டும். அந்த லிஃப்ட் ஒன்றே ஒன்று. புதிதாகக் குடிவருகிறவர்களின் தரை ஓடுகளும் மரப் பலகைகளும் அதில்தான் ஏறும். வாரத்தில் இரண்டு நாள் ஓடாது. ஓடாத ஒருநாள் நாயைச் சாதாரண லிஃப்ட்டில் ஏற்றப் பார்த்தேன். காவல்காரர் ஓடி வந்தார். வயதானவர், பட்டாபிராம் பக்கம்.

"மேடம், வோணாம் மேடம். கேமரா கீது. உன்னிய ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ, என்னியத்தான் தூக்கிடுவாங்கோ."

அப்புறம் படிக்கட்டுதான். இறங்கிவிடும். ஏறும்போது ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கும். இழுத்தாலும் வராது. தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறுவேன். நாளாக ஆக அது அடக்கிக்கொள்ளப் பழகியது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் கதவருகே படுத்திருக்கும், வெளியே போகக் கேட்காது. காட்டுப்பாக்கத்தில் அது நினைத்தபோது வெளியே போய் வந்த நாய்.

அன்று மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கணவருக்குத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்ட். எப்போதும் நாயோடு மகளையும் கூட்டிக்கொண்டுதான் இறங்குவேன். அன்று அவள் சோபாவில் சுருண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு கிடந்தது. மணி ஐந்தரை.

"பத்து நிமிஷம், பாப்பா. எழுந்திருக்கக் கூடாது, சரியா?"

"சரிம்மா."

வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். மதில் ஓரமாக நாய் நின்றது. முடித்ததும் அது சட்டென்று காதை நிமிர்த்தி மேலே பார்த்தது, வாலை ஆட்டியது. அதற்கப்புறம்தான் எனக்குக் கேட்டது. மெல்லிய குரல், நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். மாடியை எண்ணத் தேவையிருக்கவில்லை. பால்கனிக் கம்பிக்கு மேலே இடுப்பு வரைக்கும் சிவப்பு கவுன் தெரிந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் இன்னும் எட்டிப் பார்ப்பாளே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். நாய் மேலே பார்த்துக் குரைக்க ஆரம்பித்திருந்தது. அது குரைத்தால் அவள் இன்னும் எட்டிப் பார்ப்பாள். அப்போது அந்த நாயை நான் வெறுத்தேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெறுத்தேன்.

லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றது. சைக்கிளோடு ஒரு பெண் குழந்தை ஏறினாள். ஏழில் நின்றது. யாருமில்லை, யாரோ அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டில் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே, "மேலயா, கீழயா?" என்று கேட்டார். மூடும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பெட்டிக்குள் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இவளை மட்டும் விட்டுவிடு என்றேன்.

கதவைத் திறந்தேன். கூடத்தில் நின்றிருந்தாள். குளியலறைப் பிளாஸ்டிக் ஸ்டூல் பால்கனியில் கிடந்தது.

"அம்மா, நான் கூப்பிட்டது அதுக்குக் கேட்டுச்சு! வால ஆட்டுச்சு!"

ஓங்கி அறைந்தேன். காய்ச்சலில் சுட்ட கன்னம். அதற்கு முன் அவளை நான் அடித்ததே இல்லை. அவள் அழக்கூட மறந்து என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். இன்டர்காம் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது காவல்காரர்.

"மேடம், உன் நாயி கீய கீது. மேல பாத்து கத்திகினே கீது. வந்து இட்டுனு போ மேடம்."

கம்பிக்கு மேல் கிரில் போட எங்கள் குடியிருப்போர் சங்கம் விடவில்லை, முகப்பு கெட்டுவிடும் என்றார்கள். வலை கட்டிக்கொள்ள மனுக் கொடுங்கள், கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். நாங்கள் பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். ஆனாலும் அவளைத் தனியே விட எனக்குத் தைரியம் வரவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு, நாயைத் தூக்கிக்கொண்டு, வேலையையும் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன்.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கணவர் சொன்னார்: "ஒரு இடம் சொல்றாங்க. அங்க விட்டுடுவோம்."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். நான் அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன். எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அந்த நிம்மதிதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

செம்பரம்பாக்கம் தாண்டி ஒரு கிடங்கு. சுற்றிலும் காலி மனைகள். அந்தக் கிடங்கின் காவல்காரரும் அவர் மனைவியும் அங்கேயே தங்கியிருந்தார்கள். கார் கதவைத் திறந்ததும் நாய் குதித்து இறங்கி, மண்ணில் மூக்கை வைத்து வட்டமாக ஓடியது. வேப்ப மரத்தடியில் நெடுநேரம் நின்று மூத்திரம் போனது. "பாத்தியா, அதுக்கு இதுதான் சரி" என்றார் கணவர். அந்தம்மா கயிற்றால் கட்டினார். நாங்கள் காரில் ஏறியபோது அது குரைக்கவில்லை. திரும்பி வந்து கூட்டிப் போவோம் என்று நினைத்திருக்கும்.

மகளிடம், இடம் பெரியது, ஓடி விளையாடும் என்று சொன்னோம். அவள் கேட்டாள்:

"நான் ஸ்டூல்ல ஏறாம இருந்திருந்தா அது இங்கயே இருந்திருக்குமாம்மா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். பால்கனி, லிஃப்ட், அந்தக் காகிதம், எங்கள் அவசரம் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. எதைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் என் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் பார்க்கப் போனோம். மகளை அழைத்துப் போகவில்லை. வேப்ப மரத்தடியில் அறுந்த கயிறு கிடந்தது.

"கடிச்சுட்டு ஓடிடுச்சும்மா, நீங்க விட்டுட்டுப் போன ஒரு வாரத்துல" என்றார் அந்தம்மா. "போன் பண்ணலாம்னுதான் இருந்தோம். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டோம்."

நெடுஞ்சாலை ஓரமாகவே மெதுவாக ஓட்டி வந்தோம். நசரத்பேட்டை, பூந்தமல்லி பேருந்து நிலையம், கரையான்சாவடி என்று வழியெல்லாம் இறங்கி, டீக்கடைகளில் படத்தைக் காட்டினோம். இதே மாதிரி நூறு நாய் இருக்கிறதே என்றார்கள். கடைசியில், எனக்கு நம்பிக்கையில்லாமலே, காட்டுப்பாக்கத்துத் தெருவுக்குள் திரும்பினோம். முனையில் இஸ்திரி வண்டிக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னா கண்ணு, இப்பத்தான் வர்றியா? உங்க நாயி வந்துச்சே! ரெண்டு நாளு பழைய ஊட்டாண்ட கேட்டுக்கு முன்னால குந்திகினு இருந்துச்சு. யாராச்சும் உள்ள போனா எய்ந்து பாக்கும், அப்பால குந்திக்கும். கால்ல அடி வேற பட்டு கீது. நான்தான் தண்ணி வெச்சேன். பன்னு போட்டா துன்னல. புச்சா வந்தவங்க கல்லால அட்ச்சி தொர்த்திட்டாங்கோ. உன் நம்பரு என்னாண்ட இல்லியேம்மா."

"எந்தப் பக்கம் போச்சு?"

அவர் கையை விரித்தார்.

ஒரு மாதம் தேடினோம். போரூர் வரைக்கும், திருவேற்காடு கோயில் தெரு வரைக்கும். கணவர் ஷிஃப்ட் முடிந்து நேரே தேடப் போவார். பழுப்பு நாய் எங்கே படுத்திருந்தாலும் வண்டியை நிறுத்துவார். பிறகு நிறுத்துவது குறைந்தது. இப்போது நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு விஷயங்களும் குறைவாகவே பேசுகிறோம்.

வலை கட்ட அனுமதி வந்தது. கட்டினோம். மகள் பால்கனிக்குப் போவதே இல்லை. துணி எடுத்து வா என்றால் வாசலிலேயே நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டுவாள். வீட்டை விற்கலாம் என்று கணவரிடம் ஒருமுறை சொன்னேன். "வித்துட்டு எங்க போறது?" என்று கேட்டார்.

போன மாதம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எட்டு வயது முடிந்துவிட்டது. எவ்வளவு நாள்தான் மனதிலேயே வைத்துக்கொண்டிருப்பது என்று சொல்லிவிட்டேன்.

"பாப்பா, அன்னைக்கு நீ கேட்டதுக்கு அம்மா பதில் சொல்லல. அது உன்னால போகல. நானும் அப்பாவும்தான் சரியா யோசிக்காம இந்த வீட்டை எடுத்தோம். தப்பு எங்களோடது."

அவள் திரும்பவில்லை. மடியிலிருந்த பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள்.

"பரவால்லம்மா. விடு."

பெரியவர்கள் பேச்சை முடிக்கச் சொல்வது மாதிரி சொன்னாள். மீதிப் பின்னலை நான் போட்டு முடித்தேன். அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, வேன் வந்துவிடும் என்று தனியாகவே கதவைத் திறந்து போனாள்.