பூனை வரி வராத ஞாயிறு

டீச்சரின் அடக்கத்தன்று பாதர் நன்றாகத்தான் பேசினார். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு தலைமுறைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், ஒரு ரூபாய்கூட வாங்காமல் மாதா கோயிலைக் கூட்டிப் பூ வைத்தவர், தாய் இல்லாத பேத்தியைத் தனியாக வளர்த்தவர் என்றெல்லாம் சொன்னார். கடைசியில், “எதற்கும் அஞ்சாத பெண்மணி” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அறிந்த மனிதர்களிலேயே அதிகம் பயப்படுகிறவர் அவர்தான்.

இடி இடித்தால் கரும்பலகைக்குப் பின்னால் போய் நிற்பார். இரத்தோட்டைக்குப் போகும் பஸ் வளைவில் திரும்பும்போது கண்ணை மூடி ஜெபம் சொல்வார். தோட்டத் துரையின் ஜீப் சத்தம் கேட்டால், “தம்பி, நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா?” என்று என்னிடமே கேட்பார். பிள்ளைகளைப் பற்றிய பயம் இவற்றைவிடப் பெரியது. காய்ச்சல், பாம்பு, கொழுந்து லாரி. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுத்தை. அதைக் கண்டால் ஓடாதே, கத்தாதே, வாயைத் திறக்காமல் அசையாமல் நில் என்று வகுப்பிலேயே நிற்க வைத்துப் பழக்குவார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.

பாட்டும் அவர் பயத்தில் பிறந்ததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளை அவர் கீழே கோயிலுக்குக் கூட்டிப் போவார். வகுப்பு முடிந்ததும் தின்ன ஒரு பணிஸ் கிடைக்கும் என்பதால் மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளும் போவார்கள். திரும்பி ஏறுவது குறுக்குப் பாதையில். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஏலக்காட்டுப் பள்ளம். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவனின் முதுகுகூடத் தெரியாது.

ஆகவே, ஆண்டவர் படைத்தவற்றில் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் டீச்சர். முன்னால் நடக்கும் அவர் “மலையைப் படைத்தார்” என்று தொடங்குவார். பின்னால் மழை, சாதிக்காய், மைனா என்று வரிசையாக வரும். ஒருவன் அட்டையை எடுத்துக்கொண்டான்.

“அட்டையையுமாடா?”

“அவருதானே டீச்சர் படைச்சாரு? என் காலப் பாருங்க.”

டீச்சர் அந்தக் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவன் வரியையும் சேர்த்தார். மைனாவுக்கு அடுத்து நடக்கும் பேத்தி பூனையை எடுத்துக்கொண்டாள். கடைசியில் நடக்கும் எனக்கு “ஆமென்.” எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதியவன் நான். முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் டீச்சருக்கு ஒத்தாசையாக இருந்தேன். ஆமென் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “சொல்லுடா. எல்லாரும் வழி தப்பாம வந்தா மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டா” என்றார் அம்மா.

ஒருவர் வரியை இன்னொருவர் பாடக் கூடாது. ஒரு வரி வராவிட்டால் ஒரு பிள்ளை இல்லை என்று பொருள்.

அந்த ஞாயிறு பனி பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டது. மலை வந்தது, மழை வந்தது, சாதிக்காய் வந்தது, மைனா வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

“ஏய் பூனை, தூங்கிட்டியா?” என்றான் அட்டைக்காரன். இரண்டு பேர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு கடைசிவரை வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விழுந்திருந்தா அழுதிருப்பா,” என்றார் மெதுவாக. “வழி தப்பியிருந்தா பாடிக்கிட்டே நிப்பா. சத்தமே இல்லன்னா எதையோ பாத்துட்டு நிக்கிறா தம்பி.”

“நான் போறேன் டீச்சர்.”

“வேணாம். இதுங்க எல்லாம் மத்தவங்க பெத்த புள்ளைங்க. ஒண்ணு கொறஞ்சாலும் எந்த மொகத்தோட லயத்துப் பக்கம் போவேன்? நீ இதுங்கள சேத்துப் புடிச்சுக்க. பாட்ட மட்டும் நிறுத்தாத.” கக்கத்திலிருந்த குடையை எடுத்தார். “அவ என் புள்ள. நான் போறேன்.”

குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, வந்த வழியே இறங்கினார். சில அடிகளில் பனி அவரை மறைத்துவிட்டது.

பிள்ளைகளை ஒன்றாக நெருக்கி நிற்க வைத்துப் பாட வைத்தேன். இப்போது பாட்டில் இரண்டு ஓட்டைகள். தொடங்க மலை இல்லை, நடுவில் பூனை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடங்களில் நிறுத்திக் காதைத் தீட்டினோம். ஏலக்காட்டில் நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. மூன்றாவதோ நான்காவதோ சுற்றில் அட்டைக்காரன் அழுதுகொண்டே “பூனையைப்…” என்று தொடங்கினான். நான் அவன் வாயைப் பொத்தினேன். அந்த இடம் நிரம்பிவிட்டால் அவள் இல்லாதது எங்களுக்கு எப்படித் தெரியும்? டீச்சரும் வராவிட்டால் இவர்களை எப்படி மேலே சேர்ப்பேன்? இருட்டுவதற்குள் முடியுமா?

அப்போது கீழே, நான் நினைத்ததைவிட மிகத் தூரத்தில், நடுங்கும் குரலில், “மலையைப் படைத்தார்.”

மழைக்காரி கத்திப் பாடினாள். சாதிக்காய். மைனா. பிறகு மௌனம். அந்த மௌனத்தில் நான் மாரியாத்தாவையும் கூப்பிட்டேன், மாதாவையும் கூப்பிட்டேன்.

“பூனையைப் படைத்தார்.”

நூல் போல ஒரு குரல். ஆனால் அவளுடையது.

இருவரும் பனிக்குள்ளிருந்து வந்தபோது பேத்தியின் கையில் வார் அறுந்த ஒரு செருப்பு இருந்தது. “இது கழண்டு பள்ளத்துப் பக்கம் விழுந்துச்சு. எடுக்க எறங்கிக் குனிஞ்சேன். பாறைல படுத்திருந்துச்சு. என்னையவே பாத்துச்சு. அம்மாச்சி கொடையோட வந்ததும் எறங்கிப் போயிருச்சு” என்றாள்.

“உன் பூனையவிடப் பெருசா?” என்றான் அட்டைக்காரன்.

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறிற்று. நீர் ஓடும் கானோரத்தில் உட்கார்ந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஆமென் வரலயே.”

அவரை எழுப்பக் கையை நீட்டினேன்.

“சொல்லு. நீயும் இருக்கியான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

அடக்கத்தில் பாதர் ஜெபத்தை முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு வரிசையில் கடைசியில் சொல்லித்தான் பழக்கம். எல்லாக் குரலும் அடங்கட்டும் என்று பொறுத்திருந்து, தனியாகச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். முன்வரிசையில், இப்போது என்னைப் போலவே ஆசிரியர் வேலை பார்க்கும் பேத்தி, திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தாள்.