செவலை உட்கார்ந்த வீடு

தொண்ணூறுகளில் அப்பா கூடுவாஞ்சேரியில் வீடு கட்டி முடித்தபோது எனக்கு எட்டு வயது. அதுவரை திருவிடந்தையில் வாடகைக்கு இருந்தோம். தெருப் பிள்ளைகளுக்கு என் திருநெல்வேலிப் பேச்சு சிரிப்பாக இருந்தது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளி விட்டு வந்தால் வீட்டுக்காரம்மாவின் மாட்டுக்கொட்டகைதான் கதி. அன்றைக்கு நடந்ததையெல்லாம் அங்கிருந்த செவலைப் பசுவிடம் சொல்வேன். அது ஒருநாளும் சிரித்ததில்லை. புது வீட்டைச் சுற்றியோ வெறும் மனைக்கற்கள்தான், பேச்சுத்துணைக்கு ஒரு பிள்ளை கிடையாது.

புதுமனைக்குள் முதலில் பசு நுழைய வேண்டும். மாமா எல்லா விசேஷத்தையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர். முன்பின் தெரியாத மாடு எதற்கு என்று செவலையையே கேட்டு வாங்கி டெம்போவில் ஏற்றினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மஞ்சள், குங்குமம், கழுத்தில் மாலை என்று அலங்காரம் பலமாக இருந்தது. ரோட்டுப் புழுதியில் அது கெட்டுவிடக் கூடாதென்று மேலேயும் சுற்றிலும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார். வைகாசி வெயில்.

கேளம்பாக்கம் தாண்டி டயர் பஞ்சர். வண்டி வெட்டவெளியில் நின்றது. முகூர்த்தம் தவறிவிடும் என்று மாமா குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்த டிரைவர், "மாட்டுக்கு இரைக்குது சார், நாக்கு வெளிய தள்ளிகினு கீது. ஒரு பக்கெட் தண்ணி காட்டிட்டுப் போலாம்" என்றார்.

"இப்ப காட்டினா வண்டியிலயே கோமியம் விட்டிரும்யா. வீட்டுக்குள்ள விட்டாத்தான் ராசி" என்றார் மாமா.

வாசலில் நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். தடுமாறிப் படி ஏறிய செவலை, கூடத்தின் நடுவில் முன்கால்களை மடக்கி அப்படியே உட்கார்ந்தது. "மகாலட்சுமியே உட்காந்துட்டா" என்று அத்தை சொல்லவும் குலவை கிளம்பியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆரத்தி எடுத்தாள். மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை. அன்றோடு செவலையைப் பிரிய வேண்டுமே என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. அதற்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது, என்னை விட்டுப் போக மனசில்லாமல்தான் உட்கார்ந்துவிட்டது என்று நம்பினேன். போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். உடம்பு கொதித்தது. அது தலையைத் தரையில் சாய்த்தது, அதற்கப்புறம் தூக்கவில்லை.

டிரைவர் தண்ணீர் வாளியோடு ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுப்பாதீங்கண்ணே, அது இனிமே இங்கதான் இருக்கும்."