அந்தப் பெட்டி பேசிக்கிட்டே இருந்துச்சு

பாப்பாக்கா... ஏ பாப்பாக்கா.

வீட்டுல எல்லாருக்கும் நீ பாப்பா. உனக்கு அடுத்து பொறந்ததால எனக்கு மட்டும் பாப்பாக்கா. அமெரிக்காவுக்கு, இந்த ஹூஸ்டனுக்கு வந்தும் அது மாறல. பத்தாவதுல எனக்கு ரெண்டு பாடம் போச்சு. இங்க வந்து ஸ்கூல்ல சேத்தாங்க, இங்கிலீஷ் ஒண்ணும் புரியல, விட்டுட்டேன். இங்க ஹில்கிராஃப்ட் ரோட்டுல ஒரு கடையில காய்கறி அடுக்குறேன். எனக்கு எழுதல்லாம் வராதுன்னு உனக்கே தெரியும். பேசுற மாதிரியே எழுதிடுறேன்.

அன்னைக்கு நம்ம தமிழ்க்காரங்க சேந்து போட்ட அந்தோணியார் அசனம். பூசை முடிஞ்சு கோவில் ஹால்ல சாப்பாடு. அம்மா நர்ஸு, அன்னைக்குன்னு பாத்து டூட்டி. நீ பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எல்லாருக்கும் குழம்பு ஊத்திக்கிட்டு இருந்த.

"என்னடா கறித்துண்டா பாத்துப் பொறுக்குற? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கடா மாடு."

நீ என்கிட்ட கடைசியா பேசுனது அதுதான்.

கரண்டி விழுந்த சத்தம் கேட்டுத் திரும்புனேன். நீ தரையில கெடக்குற. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது.

"வலிப்பு! வலிப்பு! இரும்புச் சாவி குடுங்க!"ன்னு ஒரு ஆன்ட்டி கத்துனாங்க.

அங்கிள்ங்கல்லாம் பாக்கெட்ல கைய விட்டு கார் சாவிய நீட்டுனாங்க. எல்லாம் ரிமோட்டு.

"இது பிளாஸ்டிக்குங்க! இரும்பு கேட்டா இதக் குடுக்குறீங்க!"

"இப்ப எந்தக் கார்ல ஆன்ட்டி இரும்புச் சாவி வருது?"

நான் கிச்சனுக்கு ஓடி, ஆணியில தொங்குன ஸ்டோர் ரூம் சாவிய எடுத்துட்டு வந்து உன் கையில வச்சு மூடுனேன். இழுப்பு நின்னுச்சு. "பாத்தீங்களா, நின்னுருச்சு"ன்னு ஒரு ஆன்ட்டி அந்தோணியாருக்கு நன்றி சொன்னாங்க. நானும் நம்புனேன். நீ கொர்ருன்னு ஒரு மூச்சு விட்ட. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு.

அது வலிப்பே இல்லயாம். திடீர்னு இதயம் நின்னா ஒடம்பு அப்படி இழுக்குமாம். அந்த மூச்சும் நெச மூச்சு இல்லயாம், இதயம் நின்னப்புறம் ஒடம்பு தானா இழுக்குறதாம். அம்மா அப்புறமா சொன்னா.

சாஃப்ட்வேர்ல இருக்குற ஒரு அங்கிளுக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. பாத்ரூம் பக்கத்துச் செவுத்துல மாட்டியிருந்த பெட்டிய எடுத்துட்டு ஓடி வந்தாரு. நின்ன இதயத்துக்கு ஷாக் குடுக்குற மிஷின் அது. தெறந்த ஒடனே அதுவே பேசுது, நெஞ்சுல இருக்குற துணிய எடுங்க, பேட் ரெண்டையும் நெஞ்சுல ஒட்டுங்கன்னு. இங்கிலீஷ்தான், ஆனா மெதுவா சொல்லுது. எனக்கே புரிஞ்சுச்சு.

இன்னொரு அங்கிள் அவரு கையப் புடிச்சுக்கிட்டாரு. "சார், தொடாதீங்க. ஷாக் குடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா கேஸு. உங்க கிரீன் கார்டு வேற பெண்டிங்ல இருக்கு."

"அப்ப நீங்க பண்ணுங்க."

"எனக்கென்ன சார் தெரியும்? 911-க்கு போன் பண்ணியாச்சுல்ல, ஆம்புலன்ஸ் வந்துரும்."

அதுக்குள்ள ஆன்ட்டிங்க ஷாலெல்லாம் விரிச்சு உன்னச் சுத்தி மறைச்சுட்டாங்க. "வயசுப் பொண்ணு! ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க. தம்பி, நீயும் போப்பா. ஆம்புலன்ஸுக்குக் கை காட்டு, போ."

போனேன். பார்க்கிங் லாட்ல நின்னேன். கதவு தெறந்தே இருந்துச்சு. உன் சேலையில ஊக்கு மேல ஊக்கு, ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டு இருந்தாங்களாம். பெட்டிக்குள்ளயே கத்தரி இருந்துச்சாம், யாரும் பாக்கல. அந்தப் பெட்டி மட்டும் கோவமே படாம, சொன்னதயே திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் ரோட்டப் பாக்குறேன், வாசலப் பாக்குறேன், ரோட்டப் பாக்குறேன்.

ஆம்புலன்ஸ்காரங்க வந்து சேலைய ஒரே வெட்டா வெட்டி எறிஞ்சாங்க. ஷாக் குடுத்தாங்க, நெஞ்ச அமுக்குனாங்க. நீ வரல.

அடக்கம் முடிஞ்சு ஃபாதர் வீட்டுக்கு வந்தாரு. அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "தொட்டா நெசமாவே கேஸு போடுவாங்களா ஃபாதர்?"

"இல்லம்மா. காசு எதிர்பாக்காம, நல்ல மனசோட உதவி பண்றவங்களுக்கு டெக்சஸ்ல சட்டமே பாதுகாப்பு குடுக்குது. அந்த மிஷின யூஸ் பண்ணாலும்தான். வேணும்னே அஜாக்கிரதையா இருந்தாத்தான் பிரச்சன. அதுக்குப் பேரே நல்ல சமாரியர் சட்டம்."

"எந்தச் சமாரியர்? நம்ம சமாரியரா?"

"ஆமாம்மா. அவரேதான்."

நியூஜெர்சிலருந்து சித்தி போன்ல சொன்னாங்க, அங்கயும் இப்படி சட்டம் இருக்காம், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கொஞ்சம் மாறுமாம். அடிபட்டு ரோட்டுல கெடந்தவன முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் தூக்கிக் காப்பாத்துன பைபிள் கதை, வருஷா வருஷம் பிரசங்கத்துல கேட்டதுதான். அது இங்க சட்டமாவே இருக்குன்னு அந்த ஹால்ல ஒருத்தருக்கும் தெரியலயேக்கா.

கேஸுன்னு சொன்ன அங்கிள் இப்பல்லாம் கடைசி பெஞ்ச்ல ஒக்காந்துட்டு, பூசை முடியிறதுக்குள்ள கெளம்பிடுறாரு. அவரத் திட்டணும்னு நெனச்சேன். மூஞ்சியப் பாத்தா முடியல. ஆன்ட்டிங்களயும் முடியல, அவங்க உன் மானத்தக் காப்பாத்துறதா நெனச்சாங்க. யாரத் திட்டுனாலும் நீ வரப் போறதில்ல.

ஒண்ணு மட்டும் என்னத் தூங்க விட மாட்டேங்குது. நாங்க பேசுனதெல்லாம் உனக்குக் கேட்டுச்சா? தொடாதீங்க தொடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேவா போன? அம்மா கேட்டிருக்காதுன்னு சொல்றா. நர்ஸா சொல்றாளா, அம்மாவா சொல்றாளான்னு தெரியல.

இதப் படிக்கிறவங்க எந்தச் சாமியக் கும்பிட்டாலும் சரி. எங்க பாப்பாக்காவுக்காக ஒரு தடவ வேண்டிக்கங்க. அவ பயந்துக்கிட்டே போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான், அதுக்காக எல்லாரும் வேண்டிக்கங்க.